டிஸ்க் பெட்டிக்குள் கோளாறு பவரிலா, சிக்னலிலா?

கேள்வி: எட்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றை நானே பொருத்திப் பயன்படுத்துகிறேன். பவர் சப்ளையில் சாட்டா தலைகள் (டிஸ்குக்குப் பவர் கொடுக்கும் கனெக்டர்கள்) போதவில்லை. ஒரே தலையிலிருந்து ஸ்ப்ளிட்டர் (ஒன்றைப் பலவாகப் பிரிக்கும் கேபிள்) போட்டு நான்கு டிஸ்குகளுக்குக் கொடுத்திருக்கிறேன். பெரிய ஃபைல்களை நகலெடுக்கும்போது அவற்றில் ஒன்று திடீரென மறைந்து, சற்று நேரத்தில் திரும்ப வருகிறது. புதிதாக வாங்கிய இன்னொரு டிஸ்க் சுழலவே இல்லை. ஆனால் யூஎஸ்பி டாக்கில் (டிஸ்கை வெளியே வைத்துக் கணினியுடன் இணைக்கும் கருவி) போட்டால் ஓடுகிறது. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எந்த டிஸ்கையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இரண்டுமே கனெக்டர் பக்கம்தான் கை காட்டுகின்றன. முதலில் அந்த ஸ்ப்ளிட்டரைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாட்டா பவர் கனெக்டரில் 15 பின்கள். 3.3, 5, 12 வோல்ட் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று பின்கள். ஒரு பின்னின் தாங்கும் திறன் 1.5 ஆம்பியர், ஆக 12 வோல்ட் பாதைக்கு மொத்தம் 4.5 ஆம்பியர். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர். தாங்கக்கூடியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓடத் தொடங்கியபின் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் பெட்டி வேலை செய்வது போலவே தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பின்னின் பிடி தளர்கிறது, தளர்ந்த இடத்தில் மின்தடை கூடுகிறது, அதனால் இன்னும் சூடாகிறது. கழற்றிய தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் வயர் நுழையும் ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, ஒரு பின் பக்கத்துப் பின்னைவிடக் கறுத்து உள்வாங்கியிருந்தாலோ அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு சாட்டா தலையிலிருந்து இரண்டு டிஸ்குக்கு மேல் எடுக்க வேண்டாம். நான்கு தேவையென்றால் நான்கு பின் மோலெக்ஸ் தலையிலிருந்து (பவர் சப்ளையில் இருக்கும் பழைய வகைப் பெரிய கனெக்டர்) எடுங்கள். அதன் பின்கள் தடிமனானவை. அடுத்த நான்கை பவர் சப்ளையிலிருந்து வரும் வேறொரு கேபிளில் போடுங்கள். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்கும்போது, வயர்களை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய வகையைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் நெருங்கிக் கிடந்தால் வெளியிலிருந்து தெரியாது. தீப்பிடித்த அடாப்டர்களில் இந்த வகையே அதிகம். பின்பக்க மூடியைத் திறந்து வயரைப் பார்க்க முடிகிற வகை நல்லது. மோலெக்ஸைச் செருகும்போது உள்ளிருக்கும் உலோகக் குழல் பின்னோக்கித் தள்ளப்படுவதும் உண்டு. செருகியபின் நான்கு வயரையும் ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பாருங்கள்.

பவர் சப்ளையின் கேபிள்கள் கழற்றக்கூடியவையா? அப்படியானால் வேறொரு பவர் சப்ளையின் கேபிளை அதில் மாட்டவே கூடாது. டிஸ்க் பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் பவர் சப்ளை பக்கத்தில் பின்களின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் அதில் மாட்டிய அத்தனை டிஸ்கும் ஒரே நொடியில் போய்விடும்.

இனி சுழலாத டிஸ்க். 2016இல் வந்த சாட்டா 3.3 தரத்தில் மூன்றாவது பவர் பின்னுக்குப் புது வேலை கொடுத்தார்கள்: அதில் மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் அணைந்திருக்கும். பழைய முறைப்படி வயரிட்ட பவர் சப்ளையோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை, அதனால் அங்கே ஓடுகிறது. மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது. மேலே சொன்ன மாற்றத்தைச் செய்தாலே இதுவும் தீர வாய்ப்பு அதிகம். சாட்டா தலையையே பயன்படுத்த வேண்டியிருந்தால், டிஸ்கில் சிக்னல் கனெக்டரை ஒட்டிய முனையிலிருந்து எண்ணி மூன்றாவது பவர் பின்னின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய கேப்டான் டேப் ஒட்டலாம். அடிக்கடி கழற்றி மாட்டினால் டேப் சுருண்டு உள்ளே சிக்கும் என்பதால் அதை நிரந்தரத் தீர்வாக நான் சொல்ல மாட்டேன்.

மறைந்து திரும்பும் டிஸ்குக்குக் காரணம் பவரா, சிக்னலா என்பதை டிஸ்கே குறித்து வைத்திருக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து 199ஆம் எண்ணையும் 12ஆம் எண்ணையும் பாருங்கள். 199 என்பது கேபிள் வழியே தரவு சிதைந்து வந்த தடவைகள். 12 என்பது டிஸ்குக்குப் பவர் வந்த தடவைகள். கணினியை நீங்கள் அணைக்காமலே 12 ஏறினால் பவர் அறுபடுகிறது. 12 அசையாமல் 199 மட்டும் ஏறினால் ஏழு பின் சிக்னல் கேபிளோ, அதன் இரு முனைகளில் ஒன்றோதான் காரணம்.

சிக்னல் கேபிள் என்றால் கிளிப் உள்ள புதுக் கேபிள் போடுங்கள். நீளம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. கனெக்டரை ஒட்டிச் செங்கோணமாக மடிக்காதீர்கள், எட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பெட்டிக்குள் செல்லும் சாதாரண சாட்டா கேபிளின் கனெக்டர் 50 தடவை கழற்றி மாட்டத் தாங்கும் அளவுக்கே செய்யப்பட்டது. அடிக்கடி மாற்றிச் சோதித்த கேபிளை மனமிரங்கி வைத்திருக்காதீர்கள்.

ஒரே கனெக்டரிலிருந்து நான்கு சிக்னல் கேபிள்களாகப் பிரியும் மினி சாஸ் கேபிள் போடுபவர்களுக்கு இன்னொன்று. கன்ட்ரோலரிலிருந்து (டிஸ்குகளை இயக்கும் தனி கார்டு) டிஸ்குக்குப் போவதும், மதர்போர்டின் நான்கு சாட்டா முனைகளிலிருந்து பேக்பிளேனுக்கு (டிஸ்குகள் நேரடியாகச் செருகும் பலகை) போவதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வயரிங் வேறு. மாற்றிப் போட்டால் நான்கு டிஸ்கும் ஒருசேரத் தெரியாது.

எல்லாம் மாற்றியபின் 199இன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு சில நூறு ஜிபி நகலெடுத்துப் பாருங்கள். பழைய எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. அது அதே இடத்தில் நின்றால் போதும்.