காலையில் கை தவறும் டம்ளரையும் வலிப்பு நோட்டில் எழுதுங்கள்

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மூன்று வருடமாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அப்படியும் நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது. போன தடவை டாக்டர், "எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எதை எழுதுவது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம். எழுதி வைத்தால் நாளைக்கு வரன் பார்க்கும்போது யார் கண்ணிலாவது பட்டு வம்பாகிவிடுமோ என்ற பயம் வேறு. இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் தபாலில் பொடி வரவழைத்துத் தருகிறேன், மாத்திரையும் வேண்டாம் நோட்டும் வேண்டாம் என்கிறாராம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "இப்போதெல்லாம் காலையில் காபி டம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிப்பதில்லை, கவனமே இல்லை."

அம்மா, அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் நோட்டு.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பணம் கட்டி ஆப் எதுவும் வாங்க வேண்டாம். எழுதுவது உங்கள் மகள் அல்ல, பக்கத்தில் இருந்து பார்த்தவர். நினைவு தப்பும் வலிப்பு வந்தவருக்கு அது வந்ததே பல நேரம் தெரியாது. ஜெர்மனியில் பான் நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளை இரவும் பகலும் வீடியோவிலும், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி.யிலும் கண்காணித்து, அவர்களையே எழுதவும் சொன்னார்கள். 2007இல் வந்த அந்த ஆய்வில், பதிவான வலிப்புகளில் பாதிக்கு மேல் நோயாளிகள் கணக்கிலேயே வரவில்லை. தூக்கத்தில் வந்தவை பெரும்பாலும் விட்டுப்போயின. விடுதியில் தங்குகிறாள் என்றால் அறைத்தோழி ஒருத்திக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை ஃபிட்ஸ் வந்தது" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாது. தூக்கத்திலா விழிப்பிலா, தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின, முதலில் இழுத்தது எந்தக் கை, நாக்கைக் கடித்தாளா, இதை எழுதுங்கள். மணி பார்த்து எழுதுங்கள். "அரை மணி நேரம் வெட்டுச்சு டாக்டர்" என்பார்கள். கேட்டால், இழுத்தது இரண்டு நிமிடம், மிச்சம் அசந்து தூங்கியது. அதனால் இழுப்பு நின்ற நேரம் ஒன்று, பேச்சுத் தெளிந்த நேரம் ஒன்று என்று இரண்டையும் குறியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்தால், பத்துப் பக்கம் எழுதியதைவிட அது எனக்கு உதவும். இழுப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் நோட்டும் வேண்டாம் வீடியோவும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். கையில் இரும்பு கொடுப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது எதுவும் கூடாது.

அதற்கு முந்தைய இரண்டு நாளையும் எழுதுங்கள். ராத்திரித் தூக்கம் கெட்டதா, காய்ச்சலா, மாதவிலக்குத் தேதி, மாத்திரை விட்டுப்போனதா, வேறு எதற்காவது மாத்திரை சாப்பிட்டாளா. வயிற்றுப்போக்குக்குக் கடையில் தரும் சிப்ரோஃப்ளாக்சசின், வலிக்குத் தரும் டிரமடால் இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. அமாவாசை, பௌர்ணமி எழுத வேண்டாம்.

இப்போது டம்ளர். பார்த்தவர்தான் எழுத வேண்டும் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதை உங்கள் மகள் மட்டுமே எழுத முடியும். காலையில் எழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கை திடுக்கென்று தூக்கிப்போடும். பல் தேய்க்கும்போது பிரஷ் தெறிக்கும், காபி சிந்தும், தலை வாரும்போது சீப்பு கீழே விழும். நினைவு தப்பாது. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வீட்டில் "கையில் பிடிப்பே இல்லை" என்று திட்டு விழும், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொள்வாள். டாக்டர் "வலிப்பு வந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்பாள், ஏனென்றால் அவளுக்கு வலிப்பு என்றால் கீழே விழுவது. ஆனால் இந்தத் திடுக்கமும் வலிப்புதான். பதின்வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்புக்கு இதுதான் அடையாளம். தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் கூடும். இதில் இன்னொரு சிக்கல்: கார்பமஸபின், ஃபெனிடாயின் போன்ற சில மாத்திரைகள் மற்ற வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கும், இந்தத் திடுக்கத்தை அதிகமாக்கிவிடலாம். உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் தினமும் காலையில் அவள் ஒரு வார்த்தை எழுதட்டும்: "உதறியது", "இல்லை". அது போதும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மாத்திரையின் பெயர், மில்லிகிராம், வேளை. அட்டையைப் பார்த்து எழுதுங்கள். கம்பெனி மாறினால் தேதி போட்டு அதையும் எழுதுங்கள். "அதே மருந்துதான்" என்று கடைக்காரர் சொல்வார். ஃபெனிடாயின் மாதிரி மருந்தில் அளவு கொஞ்சம் மாறினாலும் ரத்தத்தில் நிறைய மாறும். அரசு மருந்தகத்திலும் இருப்புக்குத் தகுந்தபடி அட்டை மாறிக்கொண்டே இருக்கிறது. ஓ.பி.யில் மாதாமாதம் வேறு டாக்டர், ஆளுக்கு மூன்று நிமிடம், பழைய சீட்டு எங்கே என்று தேடுவதிலேயே ஒரு நிமிடம் போய்விடும். வருடக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய நோய்க்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த மூன்று நிமிடத்தில் உங்கள் மகளின் மூன்று வருடக் கதையைச் சொல்ல வேறு யாரும் இல்லை, நோட்டுதான் இருக்கிறது.

அந்தப் பொடி. அம்மா, தயவுசெய்து வாங்காதீர்கள். இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் ஃபீனோபார்பிட்டோன் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்திருக்கிறது. அது பழைய ஆங்கில மருந்து, விலை மலிவு. எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. முதல் மாதம் வலிப்பு நிற்கும், "பார்த்தீர்களா" என்பார்கள். பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழியும். பார்சல் ஒரு வாரம் தாமதமானால் அடுத்தடுத்து விடாமல் வலிப்பு வரலாம். அப்படி வந்த ஒரு பையனை நான் தீவிர சிகிச்சையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என்ன சாப்பிட்டான் என்று கேட்டதற்கு அவன் அப்பா சட்டைப் பையிலிருந்து பெயரே இல்லாத ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வலிப்பைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சுவரொட்டி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் பிடிக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். தேதியோடு நோட்டில் எழுதுங்கள், பொட்டலத்தையும் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

கல்யாணப் பயம் எனக்குப் புரிகிறது. நோட்டு உங்கள் வீட்டுச் சொத்து, பீரோவில் வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு தடையாக எழுதியிருந்தார்கள். 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். நான் பார்த்த வரை, குடும்பம் கெட்டுப்போவது நோயை எழுதி வைத்ததால் அல்ல, மறைத்ததால்தான். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாத்திரையை நிறுத்துவார்கள், ராத்திரி முழுக்கத் தூக்கம் இருக்காது, மறுநாள் மண்டபத்திலேயே வலிப்பு வரும். இன்னொன்று: அவள் சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்றால், வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். அது கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து, மாற்று பற்றி யோசிக்க வேண்டும். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்து எதையுமே திடீரென்று நிறுத்தக்கூடாது.

அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு வாரக் குறிப்பையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மகளோடு நரம்பியல் டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்ததும் முதலில் டம்ளர் விஷயத்தைச் சொல்லுங்கள், அதையும் அவள் வாயாலேயே சொல்ல விடுங்கள்.