கேளுங்கள் அக்காவிடம்: நீர்கொழும்பில் ஒரு குடும்பம், ஸ்காபரோவில் ஐந்து பேர்

கேள்வி: அக்கா, என் பெரியம்மா நீர்கொழும்பில் இருக்கிறா. அவவுக்கு அடுத்த வீட்டில் பாகிஸ்தானில் இருந்து 2018-இல் வந்த அஹ்மதியா குடும்பம் ஒன்று, தாய் தகப்பன், மூன்று பிள்ளைகள். தகப்பனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பு அவர்களை அகதிகள் என்று ஏற்றுக் கடிதம் கொடுத்திருக்கிறது. நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து அவர்களைக் கனடாவுக்கு எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். ஐந்து பேர் கையெழுத்து வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். சரியா?
ஸ்காபரோ வாசகர்

பதில்: ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்பது 2024 நவம்பர் 29 வரை சரி, கையெழுத்து மட்டும் எப்போதும் போதாது. அன்றைக்குத்தான் ஐந்து பேர் குழுக்களிடமிருந்தும் சமூக அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பம் வாங்குவதைக் குடிவரவுத் திணைக்களம் நிறுத்திவைத்தது. காரணம் இலகு, வருடத்துக்கு எடுக்கிற ஆட்களைவிட வந்து குவிந்த விண்ணப்பங்கள் பல மடங்கு. 2025-க்குத் தனியார் ஸ்பொன்சரில் வைத்த இலக்கே 23,000 பேர்தான். வாசல் திரும்பத் திறந்துவிட்டதா என்று திணைக்களத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், உங்களுக்குச் சொன்ன அந்த ஒருவரிடம் திரும்பக் கேட்கவேண்டாம்.

இன்னொரு வழி இருக்கிறது. அரசாங்கத்தோடு நிரந்தர ஒப்பந்தம் வைத்திருக்கிற அமைப்புகள் நாடு முழுக்க நூற்றுக்கு மேல் உண்டு, பெரும்பாலும் தேவாலயங்கள், மதச் சபைகள், சில குடியேற்ற உதவி நிறுவனங்கள். எஸ்.ஏ.எச். என்று சுருக்கிச் சொல்வார்கள். உங்கள் ஐந்து பேரையும் அப்படி ஒரு அமைப்பின் கீழ் இயங்கும் குழுவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அவர்களுக்கும் வருடத்துக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு, அவர்களிடமும் நீண்ட வரிசை உண்டு. பத்து இடத்துக்கு எழுதினால் எட்டு இடத்தில் இருந்து பதிலே வராது, ஒன்பதாவது 'இந்த வருடம் முடியாது' என்று எழுதும், அதில் மனம் விட்டுவிடாதீர்கள். போகும்போது வெறும் இரக்கத்தோடு போகாமல், யார் யார் குழுவில், எவ்வளவு காசு கையில் இருக்கிறது, வீடு பார்ப்பது யார், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பம் வந்து இறங்கிய நாளில் இருந்து வழக்கமாகப் பன்னிரண்டு மாதத்துக்கு, அல்லது அவர்கள் சொந்தக் காலில் நிற்கும்வரைக்கும், வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. ஐந்து பேருக்கு ஒரு வருட ரொறன்ரோ வாடகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஸ்பொன்சர்மாருக்கென்றே அரசாங்கச் செலவில் நடக்கிற இலவசப் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது, முதலில் அதில் போய் உட்காருங்கள்.

ஐ.நா. கடிதம் இருப்பது நல்லது. ஐந்து பேர் குழு வழியில் அது இல்லாமல் விண்ணப்பமே நகராது, எஸ்.ஏ.எச். வழியில் கட்டாயமில்லை, ஆனாலும் கோப்புக்குப் பலம்.

அஹ்மதியா என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. தங்களை முஸ்லிம்கள் என்றே கருதுகிறவர்கள் இவர்கள். 1974-இல் பாகிஸ்தான் அரசியலமைப்பைத் திருத்தி இவர்களை முஸ்லிம் அல்லாதவர் என்று எழுதினார்கள். 1984-இல் இராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் வந்த சட்டம், இவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொன்னாலோ, தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தாலோ, பாங்கு சொன்னாலோ மூன்று வருடம் வரை சிறை என்றது. 2010 மே 28-இல் லாகூரில் இவர்களின் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கி எண்பது பேருக்கு மேல் கொன்றார்கள். அதற்கெல்லாம் தப்பி நீர்கொழும்புக்கு வந்தவர்களை 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு அங்கேயும் விரட்டினார்கள். குண்டு வைத்தவர்களோடு இவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் வெளிநாட்டு முஸ்லிம் என்ற பெயர் போதுமாக இருந்தது. வீட்டுக்காரர்கள் வெளியேறச் சொல்ல, பாகிஸ்தானியர், ஆப்கானியர் என்று ஆயிரம் பேரளவில் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் அடைந்துகிடந்தார்கள். இலங்கை 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு, அதனால் வேலை, பள்ளிக்கூடம் எதையும் உரிமையாகக் கேட்க அங்கே வழியில்லை. உங்கள் பெரியம்மாவின் அடுத்த வீட்டுக்காரர் இரண்டு தடவை ஓடியவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி படிவம். பெரும்பாலான கோப்புகள் இங்கேதான் சறுக்கும். நான் ஒரு குழுவில் இருந்தபோது ஒரு தகப்பனுடைய படிவத்தை மூன்று இரவு வாட்ஸப்பில் நிரப்பினோம். ஒரு படிவத்தில் ஊரைவிட்டு வந்தது மார்ச், இன்னொன்றில் மே. கேட்டால், மார்ச்சில் வீட்டைவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனாராம், மே மாதம்தான் விமானம் ஏறினாராம். இரண்டும் உண்மை. ஆனால் வருடங்கள் கழித்து நேர்காணலில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு அது முரண்பாடு. கடந்த பத்து வருட விலாசமும் வேலையும் இடைவெளி இல்லாமல், மாதம் போட்டுக் கேட்பார்கள். வேலை இல்லாத மாதத்தை விட்டுவிடக்கூடாது, 'வேலை இல்லை' என்று எழுதவேண்டும். ஞாபகம் இல்லாத திகதியைத் துணிந்து போடவேண்டாம், 'ஏறத்தாழ' என்று எழுதலாம்.

அஹ்மதியாக்களுக்கு இன்னொரு சிக்கல், கடவுச்சீட்டு. பாகிஸ்தான் கடவுச்சீட்டில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முஸ்லிம் என்று வரவேண்டுமென்றால் அஹ்மதியா இயக்கத்தைத் தொடங்கியவரை மறுதலித்து ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். பயத்தில் போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கலாம். உங்கள் குடும்பத்தின் கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், முஸ்லிம் என்று இருந்தால் ஏன் அப்படி என்பதை அவர்கள் சொல்லுகிறபடியே கதையில் எழுதுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை.

பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் முதல் நாளே படிவத்தில் வரவேண்டும், இப்போது கூட வராத பிள்ளை என்றாலும். எழுதாமல் விட்ட பிள்ளையைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

கடைசியாக, அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் உங்கள் பெரியம்மா 'கனடா போகப்போறீங்கள்' என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது வருடக்கணக்கில் இழுக்கிற விஷயம், முடிவில் இல்லை என்றும் வரலாம். பெரியம்மாக்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த கிறிஸ்தவக் குடும்பம் இன்னும் லாகூரிலேயே இருக்கிறது. அவர்களை நேரே அங்கிருந்து ஸ்பொன்சர் பண்ணலாமா? முடியாவிட்டால் விசிட் விசாவில் கூப்பிட்டு இங்கே வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் மச்சான்.
மிஸிஸாகா வாசகி

பதில்: முடியாது. இந்த ஸ்பொன்சர் வழியில் வருகிறவர் தன் சொந்த நாட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். சொந்த நாட்டுக்குள்ளே இருப்பவர்களையும் எடுக்க ஒரு காலத்தில் சில நாடுகளுக்கு வழி இருந்தது, 2011-இல் அதை மூடிவிட்டார்கள். அதற்காக 'வெளியே வாருங்கள், நாங்கள் எடுக்கிறோம்' என்று நீங்கள் சொல்லக்கூடாது. வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பாங்கொக்கிலோ கொழும்பிலோ உரிமை எதுவும் இல்லாமல் பல வருடம் இருப்பது எப்படி என்று முதல் கடிதத்திலேயே பார்த்தீர்கள். ஓடுவதா இருப்பதா என்பது ஆபத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் எடுக்கவேண்டிய முடிவு.

மச்சானுக்கு: சுற்றிப்பார்க்க வருகிறோம் என்று விசா படிவத்தில் பொய் எழுதிப் பிடிபட்டால் ஐந்து வருடத்துக்குக் கனடாப் பக்கமே வரமுடியாது, அந்தக் குறிப்பு கோப்பில் கிடக்கும். கடிதம் எழுதிக் கொடுத்தவர் நீங்கள், தண்டனை அவர்களுக்கு.

கேள்வி: ஒரு ஏஜண்ட் காசு வாங்கிக்கொண்டு 'கேஸ் எழுதி' தருகிறேன் என்கிறார். உள்ள கதை பலமில்லையாம், வீட்டுக்குத் தீ வைத்ததாகச் சேர்த்தால் நிச்சயமாம். குடும்பமும் பாதிக் காசு தரத் தயாராக இருக்கிறது.
பிரம்டன் வாசகர்

பதில்: முதலில் காசு. அகதியிடம் இருந்து ஸ்பொன்சர் ஒரு சதமும் வாங்கக்கூடாது, முன்பும் கூடாது, வந்தபிறகு திருப்பித் தா என்றும் கேட்கக்கூடாது, இது விதி. அவர்கள் திருப்பிக் கட்டவேண்டிய ஒரே கடன் விமானச் செலவுக்கு அரசாங்கம் கொடுப்பது. அதற்கும் 2018-இல் இருந்து வட்டி இல்லை, வந்து ஒரு வருடம் கழித்துத்தான் கட்டத் தொடங்கவேண்டும்.

தீ வைத்த கதைக்கு, நம்முடைய கதை ஒன்றையே ஞாபகப்படுத்துகிறேன். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர். கஸ் டோல்டன் என்ற மீன்பிடிக் கப்டன் அவர்களைத் தன் படகில் ஏற்றி மீட்பைத் தொடங்கிவைத்தார். நாடே உருகியது. இந்தியாவில் இருந்து வந்தோம் என்று சொன்னார்கள், அப்படிச் சொல்லத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. சில நாளில் மேற்கு ஜெர்மனியில் இருந்து கப்பல் ஏறியது வெளியே வந்தது, உருகிய அதே நாட்டில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போருக்குத் தப்பி ஓடியது உண்மை, அதற்கு அந்தப் பொய் தேவையே இருக்கவில்லை. அவர்களை இங்கே இருக்கவிட்டார்கள், ஆனால் அந்தப் பொய்யைப் பல வருடம் நம் எல்லோர் தலையிலும் போட்டு இடித்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, பஸ்ஸில் அதைக் கேட்டவள்.

மதத்துக்காகத் துன்பப்பட்டவர்களின் உண்மைக் கதை பல நேரம் சத்தமில்லாதது. கடைக்காரர் சாமான் தரமாட்டார், பிள்ளையை வகுப்பில் தனியாக உட்காரவைப்பார்கள், வழக்குப் போடுவோம் என்று அயலவர் மிரட்டுவார். அதைத் திகதியோடும் இடத்தோடும் எழுதுங்கள். தீயைச் சேர்த்தால் 'எந்த அறையில் முதலில் பிடித்தது?' என்று அதிகாரி கேட்பார், மனைவியைத் தனியாகக் கூப்பிட்டும் அதையே கேட்பார்.

கேள்வி: நாங்கள் எடுத்த குடும்பம் வந்து நான்கு மாதம். எல்லாம் செய்தோம், ஆனால் இப்போது எங்களோடு முன்போல் கதைப்பதில்லை. சைல்ட் பெனிபிட் காசில் பெரிய டிவி வாங்கியிருக்கிறார்கள். எங்கள் தேவாலயத்துக்கு இரண்டு ஞாயிறு வந்தார்கள், பிறகு வரவில்லை. மனது கஷ்டமாக இருக்கிறது.
மார்க்கம் வாசகி

பதில்: உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நானே இந்தப் பிழையை விட்டவள். எங்கள் குடும்பம் வந்தபோது வீட்டை அவ்வளவு அழகாக ஆயத்தம் செய்திருந்தோம், குளிர்சாதனப் பெட்டி நிறையப் பால், முட்டை, தலையணைக்கெல்லாம் புது உறை. சாவியில் ஒரு பிரதி என் கைப்பையில். மூன்றாம் நாள் கதவைத் தட்டிவிட்டு, பதில் வருமுன்னமே திறந்துகொண்டு பால் வைக்கப் போய்விட்டேன். அந்தப் பெண் தலையில் துணி இல்லாமல் சமையலறையில் நின்றா, ஓடி உள்ளே போனா. தகப்பன் வந்து மிக மரியாதையாக, 'சகோதரி, எங்களிடம் எத்தனை சாவி இருக்கிறது?' என்று கேட்டார். நான் இரண்டு என்றேன். 'உங்களிடம்?' என்றார். அன்றைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர்கள் வந்து இறங்கிய நிமிடமே நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள். சைல்ட் பெனிபிட் அவர்கள் பிள்ளைகளுக்கு வருகிற அவர்களின் காசு. டிவி வாங்கினால் டிவி, அதற்காக மாதப் பணத்தில் கை வைக்கவேண்டாம். தேவாலயத்துக்கு வராதது பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். எதைக் கும்பிடுவது என்று மற்றவர் சொன்னதால் ஊரை விட்டவர்களிடம், நன்றிக்காக வந்து உட்காருங்கள் என்று நம் முகம்கூடச் சொல்லக்கூடாது. அதோடு நான்காம் ஐந்தாம் மாதம் எல்லோருக்கும் ஒரு சரிவு வரும். வந்த புதிதில் ஓடிய ஓட்டம் நின்று, அங்கே விட்டுவிட்டு வந்த தாயின் நினைப்பும், குளிரும், வேலை கிடைக்காததும் ஒன்றாக வந்து உட்காரும் நேரம் அது. கதைக்காமல் இருப்பது கோபமாக இருக்கவேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள்: ஆங்கில வகுப்பு நடக்கிறதா, தூக்கம் வருகிறதா. தூக்கம் இல்லை என்றால் குடும்ப டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளராக அவர்கள் ஊர்க்காரரையும் பிள்ளைகளையும் உட்காரவைக்காமல் வெளி ஆளைக் கேளுங்கள். மீதி எட்டு மாதமும் வாடகையைத் திகதி தவறாமல் கட்டுங்கள்.

சாவிப் பிரதி உங்களிடம் இன்னும் இருக்கிறதா?