ஜம்பியாவும் சவரக்கத்தியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏமன் பற்றிய கட்டுரையில் அந்த ஊர் மேல்கீழ் அடுக்கைச் ‘சாதி’ என்று எழுதியிருந்தீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டக்காரன், ஜித்தாவில் ஒன்பது வருடம் இருந்தேன். என் அறையில் இருந்த ஏமனி மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்தும், சலூனில் கிடைத்த வேலையை மறுத்துவிட்டார். “ஊருக்குத் தெரிந்தால் தங்கையை யார் கட்டுவான்?” என்றார். இஸ்லாத்தில் இதற்கு இடமில்லை. இஸ்லாத்துக்கு முந்திய ஜாஹிலிய்யாக் காலத்தின் மிச்சம் இது. முஸ்லிம்களின் சாதி என்று எழுதுவது நியாயமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். ‘சாதி’ என்று அவசரத்தில் போட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அங்கே நாவிதர் பரிமாறும் கல்யாணச் சோற்றை ஊரே உண்ணும். ஆனால் ஜாஹிலிய்யா மிச்சம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

உங்கள் அறை நண்பர் வடக்கு மலைப்பகுதிக் கபீலியாக இருக்க வேண்டும். கபீலி என்றால் குலத்தவன். சொந்த நிலம், இடுப்பில் ஜம்பியா என்னும் வளைந்த கத்தி, கூப்பிட்டால் சண்டைக்கு வரும் உறவுக்கூட்டம். அவன் சோளம் விதைக்கலாம், மெல்லும் போதை இலையான காத் பயிரிடலாம். முள்ளங்கி விளைவித்துச் சந்தையில் விற்றால் கௌரவக் குறைச்சல். முடிவெட்டுபவர், கசாப்புக்காரர், தோல் பதனிடுபவர், மேளமடிப்பவர் எல்லோரும் அவனுக்குக் கீழே.

ஏன் கீழே? தொழில் அசுத்தம் என்பது மேலோட்டமான பதில். இவர்கள் ஆயுதம் எடுத்துச் சண்டைக்குப் போகாதவர்கள், கபீலாவின், அதாவது குலத்தின், காவலில் வாழ்பவர்கள். சந்தையில் கசாப்புக்காரரை ஒருவன் அடித்தால் அந்த அடி அவரைக் காக்கும் கபீலாவின் மேல் விழுந்த அடி. அது ‘அய்ப்’, மானக்கேடு. நம் வீடுகளில் ‘ஐபு’ என்கிறோமே, அதே சொல். வழக்கமான நஷ்டஈட்டைவிடப் பல மடங்கு கொடுத்து, காளை அறுத்துத்தான் அந்தக் களங்கத்தைக் கழுவ முடியும். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் காக்கப்படுகிறவன் காக்கிறவனுக்குச் சமமாகிவிட முடியாது. அவனைக் கொல்லவும் கூடாது, அவனுக்குப் பெண் கொடுக்கவும் கூடாது. இரண்டும் ஒரே விதி என்பது பிடிபட எனக்கு நெடுநாள் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், உச்சியில் இருந்த ஸையிதுகளும், அதாவது நபியின் வழித்தோன்றல்களும், இதே குடையின் கீழ்தான் வாழ்ந்தார்கள். 897இல் கபீலாக்களின் பகையைத் தீர்க்க ஸஅதாவுக்கு அழைத்துவரப்பட்ட யஹ்யா பின் ஹுஸைன் முதல் இமாமானார். நபியின் வழித்தோன்றலே இமாமாகலாம் என்ற அந்த ஆட்சிமுறை, இடைவெளிகளோடு, 1962 வரை நீடித்தது. ஸையிதுகள் குடியிருந்த ‘ஹிஜ்ரா’ ஊர்களைக் காத்தவர்கள் கபீலிகள். ஆனால் இங்கே பெண் கொடுக்க மறுத்தவர் காக்கப்பட்ட ஸையிது, காத்த கபீலி அல்ல.

‘இஸ்லாத்தில் இல்லை’ என்பது இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. நபி தம் மாமி மகள் ஸைனபை, விடுதலை பெற்ற அடிமையான ஸைதுக்கு மணமுடித்துவைத்ததை நீங்கள் எடுத்துக்காட்டலாம். ஆனால் மார்க்கச் சட்டக் கிதாபுகளில் ‘கஃபாஆ’ என்றும் ஒன்று இருக்கிறது: மாப்பிள்ளை வம்சத்தாலும் தொழிலாலும் பெண்ணுக்குப் பொருத்தமா என்று பார்ப்பது. சட்ட மரபுகளான மத்ஹபுகளில் மாலிக்கிகள் மார்க்கப்பற்றையே முதன்மையாகக் கண்டார்கள்; ஷாஃபி மத்ஹபில் வம்சமும் தொழிலும் கணக்கில் வரும். 1905இல், சிங்கப்பூரில் ஸையிது குடும்பப் பெண் ஒருவர் இந்திய முஸ்லிமை மணந்ததை ஒட்டி தெற்கு ஏமனின் ஹளரமவ்த்திலிருந்து வந்த ஹளரமி அரபுகளிடையே பெரும் தகராறு. கெய்ரோவிலிருந்து மார்க்க அறிஞர் ரஷீத் ரிளா மணம் செல்லும் என்றார். ஸையிது ஆலிம் ஒருவர் செல்லாது என்றார். பிறகு ஜாவாவில், சூடானிலிருந்து வந்த அஹ்மத் ஸூர்கத்தியும் இத்தகைய மணம் செல்லும் என்று சொல்லிப் பகையைத் தேடிக்கொண்டு, வேலை பார்த்த பள்ளியை விட்டு வெளியேறினார். 1914இல் அல்-இர்ஷாத் என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. இரு தரப்பின் கையிலும் கிதாப் இருந்தது.

இந்த அடுக்குக்கும் வெளியே, தெருப் பெருக்கும் ‘அக்தாம்’ மக்கள் இருக்கிறார்கள். நாய் நக்கிய தட்டைக் கழுவு, காதிம் (அக்தாமில் ஒருவர்) தொட்ட தட்டை உடை என்று அங்கே ஒரு பழமொழி. ‘சாதி’யைத் திரும்பப் பெற்றது சரிதானா என்று இதை எழுதும்போதே தோன்றுகிறது.

ஏமன் நாவிதர் முடிவெட்டுவதோடு சுன்னத்தும் செய்துவிடுவார், உங்கள் பக்கத்து முஸ்லிம் நாவிதரான ஒசாவைப் போலவே. உங்கள் ஊரில் ஒசா வீட்டில் சம்பந்தம் செய்தவர்கள் உண்டா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.