ஹெட் ஆபீஸை மலைக்கு ஏற்றலாமா? – கேள்வி பதில்

கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது கோத்தகிரியில் இருப்பவரிடம் மலையில் ஐடி தொழில் நடத்துபவர்களும் நடத்த நினைப்பவர்களும் கேட்டவை.

குன்னூர்: சார், கோவையில் எங்களுக்கு 20 பேர். மாதச் சம்பளம் 13 லட்சம், வாடகை 1,10,000. இங்கே 45,000-க்கு இடம் கிடைக்கிறது. ஹெட் ஆபீஸையே மேலே கொண்டுவந்துவிடலாமா?

வாடகையில் மிச்சம் 65,000. சம்பளச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் வெறும் 5 சதவீதம். மேலே வர ஆளுக்கு 3,500 கூடக் கேட்டால் 70,000 ஆச்சு, மிச்சம் காலி.

அடுத்து இன்டர்நெட். இரண்டு கம்பெனி லைன் போட்டால் தப்பித்தோம் என்று நினைப்பார்கள். இரண்டு கேபிளும் குன்னூர் ரோட்டில் பர்லியார் வழியாகவே ஏறி வந்தால், ஐப்பசி மழையில் ஒரு மண்சரிவு போதும், இரண்டும் போய்விடும். ஒன்று குன்னூர் ரோடு வழி, இன்னொன்று கோத்தகிரி ரோடு வழி வருகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டர் டீசல், யுபிஎஸ் பேட்டரி, சர்வர் ரூமில் ஈரம் உறிஞ்சும் மெஷின், இதெல்லாம் வாடகைக் கணக்கில் யாரும் எழுதாத செலவு.

என்னைக் கேட்டால் வாடகைக்காக மலையேறாதீர்கள், ஆளுக்காக ஏறுங்கள். உங்கள் 20 பேரில் எத்தனை பேர் நீலகிரிக்காரர்கள்? பாதிக்கு மேல் என்றால் தாராளமாக வாங்க. சொந்த ஊரில் வேலை கிடைத்தவர் லேசில் விலக மாட்டார்.

செலவுக் கணக்கில் இந்தச் சண்டை பழசு. 1870 தொடங்கி கோடையில் மெட்ராஸ் கவர்மென்டே ஃபைல் கட்டோடு ஊட்டிக்கு ஏறிவிடும். அந்தச் செலவை அப்போதே சென்னையில் திட்டித் தீர்த்தார்கள்.

கோத்தகிரி: அண்ணா, ரிஜிஸ்டர்டு ஆபீஸை, அதாவது கம்பெனியின் சட்டப்படியான பதிவு முகவரியை, மட்டும் இங்கே மாற்றினால்?

அது லேசு தம்பி. கோவையும் நீலகிரியும் ஒரே ஆர்ஓசி (கம்பெனிகளைப் பதியும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்), கோயம்புத்தூர்தான். திண்டுக்கல் மாவட்டமும் அதில்தான், ஆகவே கொடைக்கானலுக்கும் இதே கதை. ஊர் எல்லை தாண்டுவதால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். மாற்றிய 30 நாளுக்குள் ஐஎன்சி-22 என்ற படிவம் போட வேண்டும். சென்னையிலிருந்து என்றால் ஆர்ஓசியே மாறுகிறது, அதற்கு மேலே இருக்கும் மத்திய அரசு அதிகாரியான ரீஜனல் டைரக்டர் அனுமதி வேண்டும். பெங்களூரிலிருந்து என்றால் இன்னும் நீளம்: பேப்பரில் விளம்பரம், கடன்காரர்களுக்கு நோட்டீஸ், இந்த மாற்றத்தால் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று டைரக்டர்கள் அஃபிடவிட்.

வெறும் பெயருக்கு ஒரு வீட்டு முகவரி கொடுத்து வைக்காதீர்கள். 2018 நவம்பரிலிருந்து ரிஜிஸ்ட்ரார் நேரில் வந்து பார்க்கலாம். அங்கே ஆபீஸ் இல்லையென்றால் கம்பெனி பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்கலாம்.

ஊட்டி: அமெரிக்காவில் டெக் கம்பெனிகள் டெக்சஸுக்கு ஓடினதே, வரி மிச்சமாகும் என்றுதானே? நமக்கும் ஆகுமா?

ஆகாது. கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரி உண்டு, டெக்சஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. நம் கம்பெனி வருமான வரி மத்திய அரசு வரி. மற்ற சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகித வரியை (பழைய சட்டத்தில் 115பிஏஏ) எடுத்த கம்பெனிக்குச் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168 சதவீதம், சென்னையானாலும் சேரம்பாடியானாலும் அதேதான். தொழில்வரிக்கு ஆளுக்கு வருஷம் 2,500-க்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதில் என்ன மிச்சம் பிடிப்பது? இன்னொன்றும் கவனியுங்கள். டெஸ்லா 2021-ல் தலைமையகத்தை பாலோ ஆல்டோவிலிருந்து ஆஸ்டினுக்கு மாற்றியது. 2023-ல் இன்ஜினியரிங் தலைமையகம் என்று அதே பாலோ ஆல்டோவில் திறந்தது. ஆள் அங்கேதானே இருக்கிறான்!

கூடலூர்: ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி தென்காசிப் பக்கம் கிராமத்தில் ஆபீஸ் போட்டதுபோல, இங்கே மலைமேல் இருக்கிறவங்க செய்ய முடியாதா?

முடியும், ஆனால் வரிசையைப் பாருங்கள். அவர்கள் பள்ளி முடித்த பிள்ளைகளைத் தாங்களே பயிற்சி கொடுத்துத் தயார் செய்தார்கள். தலைமையகம் இன்னும் சென்னைப் பக்கம்தான். முதலில் ஆள், அப்புறம் கட்டடம்.

கொடைக்கானல்: ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி என் காட்டேஜை ஆபீஸுக்குக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பிளான் அனுமதியில் குடியிருப்பு என்று இருந்தால் அக்ரிமென்ட் போடாதீர்கள். உங்கள் ஊரில் ஐகோர்ட் உத்தரவில் சீல் வைத்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வெலிங்டன்: நான் பங்கு வைத்திருக்கும் ஒரு ஐடி கம்பெனி பெரிய தலைமையகம் கட்டுகிறது. வீண் செலவா என்று எப்படித் தெரிந்துகொள்வது மேற்கொண்டு வாங்குமுன்?

ஆண்டறிக்கையில் மூன்று இடம் பாருங்கள். கேபிடல் ஒர்க் இன் ப்ராக்ரஸ் (இன்னும் கட்டி முடிக்காத வேலையில் போட்ட பணம்) வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போய், சொத்தாக மாறாமல் நிற்கிறதா? விற்பனையில் சம்பளச் செலவு எத்தனை சதவீதம்? கடைசியில் ரிலேட்டட் பார்ட்டி குறிப்பு, அதாவது டைரக்டர்கள், அவர்கள் வீட்டாரோடு கம்பெனி வைத்த கொடுக்கல் வாங்கல். நிலமோ கட்டடமோ டைரக்டர் வீட்டாருக்குச் சொந்தமாக இருந்து, கம்பெனி வாடகை கட்டினால் அங்கேதான் விஷயம். நான் அந்தக் குறிப்பைத்தான் முதலில் புரட்டுவேன்.

கோத்தகிரி: இ-பாஸ் இருக்கும்போது கிளையன்ட் எப்படி வருவார்?

2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு நாளுக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். மே மாத மீட்டிங்கை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வையுங்கள். நீங்கள் இறங்கிப் போவதுதான் சுளுவு.

குன்னூர்: போர்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. கம்பெனிச் சட்டம் 12-வது பிரிவில் பெயரும் முகவரியும் உள்ளூர் மொழியிலும் வெளியே தெரிய வேண்டும் என்று இருக்கிறது. தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், ஒரு லட்சம் வரை. தமிழ் போர்டுக்கு அவ்வளவு ஆகாது.