கோட்லினில் மட்டும் பேக்கேஜ் பெயர் பிழை காட்டுவது ஏன்?

கேள்வி: காசிமேடு மீன் விலை காட்டும் ஆண்ட்ராய்டு செயலியில் ஜாவா மொழியோடு கோட்லின் மொழியையும் சேர்த்தேன். 'இன்.காசிமேடு.விலை' என்ற பேக்கேஜ் (நிரல் கோப்புகளின் தொகுப்பு) ஜாவாவில் ஓடுகிறது, கோட்லினில் பிழை வருகிறது.

பதில்: சிக்கல் முதல் சொல்லில்தான். நம் நாட்டு டொமைன்கள் 'இன்' என்று முடிகின்றன. டொமைனைத் திருப்பிப் போட்டுப் பேக்கேஜ் பெயர் வைப்பது வழக்கம்; அப்போது அது முன்னால் வந்துவிடுகிறது. ஜாவாவுக்கு அது சாதாரணப் பெயர். கோட்லினிலோ ஃபார் லூப்பில் வரும் 'இன்' ஒதுக்கப்பட்ட சொல், அதாவது மொழியே தனக்கென வைத்துக்கொண்ட சொல்; அதை அப்படியே பெயராக வைக்க முடியாது. அந்தச் சொல்லை மட்டும் பேக்டிக் குறிகளுக்குள் வையுங்கள். எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கிறதே, அந்தச் சாய்ந்த குறி. சாதாரண மேற்கோள் குறி வேலைக்காகாது. பேக்கேஜ் வரி, அந்தப் பேக்கேஜை வேறு கோப்பில் எடுத்தாளும் இம்போர்ட் வரி இரண்டிலும் இது வேண்டும். ஜாவா கோப்புகளைத் தொட வேண்டாம். கம்பைல் ஆனபின் ஜாவா, கோட்லின் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

இங்கே தண்டையார்பேட்டையில் என்னிடம் புராஜெக்ட் காட்ட வரும் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது இதன் மறுபக்கத்தை. கோட்லினில் 'நேட்டிவ்', 'டிஃபால்ட்' என்றெல்லாம் பேக்கேஜ் வைக்கலாம். ஜாவாவில் அவை ஒதுக்கப்பட்ட சொற்கள். பேக்டிக் வசதியும் அங்கே கிடையாது. ஜாவா கோப்பிலிருந்து அந்தப் பேக்கேஜை இம்போர்ட் செய்யவே முடியாது.

அப்புறம், கோட்லின் கோப்பு எந்த ஃபோல்டரில் இருந்தாலும் கம்பைல் ஆகும். ஆனாலும் ஜாவாவைப் போலவே பேக்கேஜ் பெயருக்கு ஏற்ற ஃபோல்டரில் வையுங்கள்.