புரோபேட்: எது மனு, எது வழக்கு?

கேள்வி: அப்பாவின் உயிலுக்குப் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறோம். வக்கீல் அதை 'ஓ.பி.' என்கிறார். இது வழக்கா?

பதில்: இப்போதைக்கு மனுதான், எதிராளி இல்லாததால் இன்னும் வழக்காகவில்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 276-ஆம் பிரிவின்படி போடும் அசல் மனு (ஒரிஜினல் பெட்டிஷன், சுருக்கமாக ஓ.பி.) அது. அசல் உயில், இறப்புச் சான்று, மதிப்போடு சொத்து விவரம், உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்ட ஒருவர் கிடைத்தால் அவருடைய சரிபார்ப்பு ஆகியவை வேண்டும். உயில் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். உயிலில் நிறைவேற்றாளர் (உயிலைச் செயல்படுத்துபவர்) என்று பெயர் குறிப்பிடப்பட்டவருக்குத்தான் புரோபேட் கிடைக்கும். அப்படி யாரும் இல்லையென்றால் உயிலை இணைத்து 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) கேளுங்கள்.

தயவுசெய்து எந்த வாரிசையும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன், பேச்சுவார்த்தை இல்லாத அக்கா, இறந்துபோன தம்பியின் பிள்ளைகள் எல்லோர் பெயரும் வர வேண்டும். ஒருவருக்கு அறிவிப்பு போகவில்லை என்றாலே, கிடைத்த புரோபேட்டை 263-ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். பல வருட உழைப்பு அதில் போய்விடும்.

கேள்வி: தங்கை எதிர்க்கிறாள். இனி என்ன ஆகும்?

பதில்: அவர் கேவியட் (தன்னைக் கேட்காமல் புரோபேட் தரக்கூடாது என்ற முன்னறிவிப்பு) போட்டு, ஆட்சேபணையைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தால் 295-ஆம் பிரிவின்படி உங்கள் மனு உரிமையியல் வழக்காகிவிடும். எண்ணும் 'டி.ஓ.எஸ்.' (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட், அதாவது உயில் வழக்கு) என்று மாறும். நீங்கள் வாதி, அவர் பிரதிவாதி. எழுவினா (தீர்க்க வேண்டிய கேள்விகள்) வரைவது, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. உயில் இல்லாவிட்டால் தங்கைக்குப் பங்கு வரும் என்பதால் அவருக்குக் கேவியட் போட உரிமை இருக்கிறது. 'சொத்து உங்கள் அப்பாவுடையதே அல்ல, என்னுடையது' என்று சொல்லும் அந்நியருக்கு அந்த உரிமை இல்லை.

கேள்வி: வீடு தாத்தாவின் சொத்து, அப்பா உயில் எழுதவே முடியாது என்கிறாள் தங்கை. இதை டி.ஓ.எஸ்.ஸிலேயே முடிக்கலாமா?

பதில்: முடியாது. உயில் உண்மையா, சுயநினைவோடு, சட்டப்படி எழுதப்பட்டதா என்பதை மட்டுமே புரோபேட் நீதிமன்றம் பார்க்கும். சொத்து யாருடையது என்பதற்குத் தனியாகப் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும்.

கேள்வி: உயில் பதிவானது. ஆனால் சாட்சிகள் இருவரும் இறந்துவிட்டார்கள்.

பதில்: பதிவு செய்திருப்பது மட்டும் நிரூபணம் ஆகாது. சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையாவது, கூடவே அப்பாவின் கையெழுத்தையும், அவற்றை நன்கு அறிந்த ஒருவர் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களின் கையெழுத்துள்ள பழைய வங்கித் தாள், பத்திரங்களை இப்போதே தேடி வையுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து 5 வருடம் ஆகிவிட்டது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: கெடு 3 வருடம். ஆனால் அது இறந்த நாளிலிருந்து தானாக ஓடாது, மனுப் போடும் உரிமை எழுந்த நாளிலிருந்துதான் ஓடும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனாலும் தாமதம் சந்தேகத்தைக் கிளப்பும். காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

கேள்வி: உயிலே இல்லை, வங்கி வைப்புத்தொகை மட்டும்தான்.

பதில்: புரோபேட்டுக்கு வேலையில்லை. 372-ஆம் பிரிவில் வாரிசுரிமைச் சான்று கேட்டு மனுப் போடுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, அது நீதிமன்ற உத்தரவல்ல.