தராசு டிஎல்எல்லும் சி ஷார்ப்பும்: வாசகர் கேள்வி–பதில்

கடைத் தராசு, லாரி எடை மேடை, லேபிள் பிரிண்டர் இவற்றோடு கம்பெனிக்காரர்கள் தரும் டிஎல்எல்லை (மற்ற புரோகிராம்கள் கூப்பிடுவதற்கான ஃபங்ஷன்கள் அடங்கிய ஃபைல்) சி ஷார்ப் புரோகிராமிலிருந்து கூப்பிடுவது பற்றி சேலம் வட்டாரத்திலிருந்து நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஎல்எல்லுக்குள் இருக்கும் ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும் என்பது சி ஷார்ப் கம்பைலருக்குத் தெரியாது. 'டிஎல்எல் இம்போர்ட்' போட்டு நீங்கள் எழுதும் அறிவிப்பை அது அப்படியே நம்பிவிடும். தப்பாக எழுதினாலும் பில்ட் ஆகும், ஓடும்போதுதான் உதைக்கும்.

கே: வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு பில் புரோகிராம் எழுதினேன். என் பழைய 32 பிட் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் தராசு எடை ஒழுங்காக வருகிறது. பட்டறையின் புது விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் 'பேட் இமேஜ் ஃபார்மட்' என்கிறது. இன்னொரு கம்ப்யூட்டரில் 'டிஎல்எல் நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஆனால் ஃபைல் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது.
– செவ்வாய்பேட்டை வாசகர்

ப: இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலாவது, பிட் கணக்கு. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருகிறது. உங்கள் புராஜெக்ட் 'எனி சிபியு' என்று இருந்து, 'ப்ரிஃபர் 32 பிட்' டிக் இல்லாவிட்டால், அங்கே போனதும் 64 பிட் புரோகிராமாக ஓடும். 64 பிட் புரோகிராமுக்குள் 32 பிட் டிஎல்எல்லை ஏற்ற முடியாது. புராஜெக்ட் ப்ராபர்ட்டீஸில் பில்ட் பக்கம் போய் பிளாட்ஃபார்ம் டார்கெட்டை எக்ஸ்86 ஆக்குங்கள். டீபக் (சோதித்துப் பார்க்கும் பில்ட்), ரிலீஸ் (வாடிக்கையாளருக்குத் தரும் பில்ட்) இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. டிஎல்எல் எத்தனை பிட் என்று சந்தேகமா? விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் கருவியில் ஹெடர்ஸ் ஆப்ஷன் கொடுத்துப் பாருங்கள். 'மெஷின்' வரியில் 8664 என்று இருந்தால் 64 பிட், 14சி என்று இருந்தால் 32 பிட்.

இரண்டாவதில், காணாமல் போனது தராசு டிஎல்எல் அல்ல. அதற்குத் தேவையான வேறொரு டிஎல்எல். பெரும்பாலும் விஷுவல் சி++ ரன்டைமாக (சி++ல் எழுதியவை ஓடுவதற்குத் தேவையான டிஎல்எல்) இருக்கும். விஷுவல் ஸ்டுடியோ உள்ள கம்ப்யூட்டரில் அது தானாகவே இருக்கும், பட்டறைக் கம்ப்யூட்டரில் இருக்காது. அதே டம்ப்பின்னில் டிபெண்டன்ட்ஸ் ஆப்ஷன் போட்டால் பட்டியல் வரும். அதில் விசிரன்டைம்140 என்று இருந்தால் மைக்ரோசாஃப்ட் தரும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை (அந்த ரன்டைமை நிறுவும் தொகுப்பு) நிறுவுங்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் டிஎல்எல் 32 பிட் என்றால் எக்ஸ்86 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்தான் வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. பட்டியலில் விசிரன்டைம்140டி என்று கடைசியில் 'டி' ஒட்டியிருந்தால், கம்பெனிக்காரர் டீபக் பில்டை அனுப்பியிருக்கிறார். ரிலீஸ் பில்ட் கேட்டு வாங்குங்கள். வேறு வழி தேடாதீர்கள்.

டிஎல்எல்லைக் கொண்டுபோய் சிஸ்டம்32 ஃபோல்டரில் போடும் பழக்கம் வேண்டாம். 64 பிட் விண்டோஸில், பெயருக்கு மாறாக, அந்த ஃபோல்டர் 64 பிட் ஃபைல்களுக்கானது. டிஎல்எல் உங்கள் எக்ஸ்இ பக்கத்திலேயே இருக்கட்டும்.

கே: காலேஜ் புராஜெக்டுக்காக சி++ல் நானே ஒரு டிஎல்எல் எழுதினேன். 'என்ட்ரி பாயின்ட் நாட் ஃபவுண்ட்' வருகிறது. பெயரில் எழுத்துப் பிழை இல்லை.
– அஸ்தம்பட்டி வாசகி

ப: சி++ கம்பைலர் ஃபங்ஷன் பெயரை அப்படியே வெளியே விடாது. கேள்விக்குறியில் தொடங்கி, நடுவே @ குறிகள் போட்டு, பாராமீட்டர் வகைகளையும் பெயரோடு சேர்த்து எழுதிவிடும். டம்ப்பின்னில் எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஷன் போட்டால் உண்மைப் பெயர் தெரியும். ஃபங்ஷனுக்கு முன்னால் எக்ஸ்டர்ன் "சி" என்று சேர்த்து மறுபடி பில்ட் செய்யுங்கள்.

காலிங் கன்வென்ஷனையும், அதாவது ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இரு பக்கமும் பின்பற்றும் முறையையும், இப்போதே சரி செய்துகொள்ளுங்கள். சி, சி++ல் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அது சிடெக்ல். விண்டோஸ் 32 பிட்டில் டிஎல்எல் இம்போர்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் எஸ்டிடிகால் என்று எடுத்துக்கொள்ளும். முன்னதில் ஸ்டாக்கை (பாராமீட்டர்களை அடுக்கி அனுப்பும் மெமரிப் பகுதி) துப்புரவு செய்வது கூப்பிட்டவர் வேலை, பின்னதில் கூப்பிடப்பட்டவர் வேலை. ஆளுக்கொன்றாக நினைத்தால் ஸ்டாக் கணக்கு இடறும். 64 பிட்டில் ஒரே கன்வென்ஷன்தான் என்பதால் தப்பு வெளியே தெரியாது. என்றைக்காவது எக்ஸ்86க்கு மாற்றும்போது தலைதூக்கும்.

கே: காபி மூட்டை லேபிளில் ஊர்ப் பெயர் தமிழில் வர வேண்டும். ஸ்க்ரீனில் 'ஏற்காடு' சரியாக இருக்கிறது. பிரிண்டர் டிஎல்எல்லுக்கு அனுப்பினால் வெறும் கேள்விக்குறிகள் அச்சாகின்றன.
– ஏற்காடு வாசகர்

ப: கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள். ஏழு இருந்தால் தப்பு உங்கள் பக்கம்தான், பிரிண்டர் பக்கம் இல்லை.

ஏன் ஏழு? கண்ணுக்கு 'ஏற்காடு' நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என்று ஏழு குறியீடுகள். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங் என்றால் யூடிஎஃப்-16. ஒவ்வொன்றும் 2 பைட், ஆக 14 பைட். டிஎல்எல் இம்போர்ட்டில் 'சார்செட்' குறிப்பிடாவிட்டால் சி ஷார்ப் அதை ஆன்ஸி என்று எடுத்துக்கொள்ளும். ஆன்ஸி என்பது அந்தக் கம்ப்யூட்டரின் கோட் பேஜ், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய பட்டியல். விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்ஸி கோட் பேஜ் கிடையவே கிடையாது. தமிழை யூனிகோடில் மட்டுமே அது கையாள்கிறது. ஆகவே கன்ட்ரோல் பேனலில் ரீஜியனைத் தமிழ் என்று மாற்றியும் பயனில்லை. டிஎல்எல்லைத் தொடுவதற்கு முன்பே ஏழு குறியீடும் ஏழு கேள்விக்குறியாகிவிடும்.

இனி என்ன செய்வது என்பது டிஎல்எல்லின் ஹெடர் ஃபைலைப் (அதன் ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஃபைல்) பொறுத்தது. அங்கே பாராமீட்டர் டபிள்யூசார்_டி பாயின்டராக இருந்தால் 'சார்செட் யூனிகோட்' என்று போடுங்கள், வேலை முடிந்தது. வெறும் சார் பாயின்டராக இருந்து, மேனுவல் யூடிஎஃப்-8 என்று சொன்னால், அந்தப் பாராமீட்டருக்கு மார்ஷல்ஆஸ் (மதிப்பை எந்த வடிவில் அனுப்புவது என்று சொல்லும் அட்ரிபியூட்) போட்டு எல்பி-யூடிஎஃப்8-எஸ்டிஆர் கொடுங்கள். இது டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.7 முதல் உண்டு. அதற்குப் பழையது என்றால் என்கோடிங் கிளாஸின் யூடிஎஃப்8 மூலம் பைட் வரிசையாக்கி, கடைசியில் ஒரு சுழியம் சேர்த்து அனுப்புங்கள்.

ஹெடரில் நிலையான அளவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஊர்ப் பெயருக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தால் முடிவுச் சுழியம் போக 15 பைட் மிச்சம். யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'சேலம்' ஐந்து குறியீடு, 15 பைட்; கச்சிதமாக உட்காரும். 'ஏற்காடு' 21 பைட். 15ல் வெட்டினால் 'ஏற்கா' என்று நிற்கும். மூன்றின் மடங்கில் வெட்டினாலும் போதாது. 'சேலம்' என்பதை 12 பைட்டில் வெட்டினால் புள்ளி போய் 'சேலம' ஆகிவிடும். ஸ்ட்ரிங்இன்ஃபோ கிளாஸைக் கொண்டு முழு எழுத்தாக எண்ணி, இடம் போதாத இடத்தில் முழு எழுத்தையே விட்டுவிடுங்கள்.

கேள்விக்குறிக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' திரும்பத் திரும்ப அச்சானால் உங்கள் பக்கம் சரியாகிவிட்டது என்று பொருள்: யூடிஎஃப்-8 போய்ச் சேர்ந்திருக்கிறது, வாங்கியவர் அதை லத்தீன் என்று படிக்கிறார். பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துருவே இல்லை என்றால் லேபிளைப் படமாக வரைந்து அனுப்புவது ஒன்றே வழி. கொம்பும் காலும் இடம் மாறாமல் வருவதற்கும் அதுவே பத்திரம்.

கே: தராசு டிஎல்எல் ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்த ஒரே கட்டு) தருகிறது: 1 பைட் நிலை, 4 பைட் எண், 8 பைட் எடை. நிலை சரியாக வருகிறது. எடை 12.340 கிராமுக்குப் பதில் சம்பந்தமில்லாத எண்.
– ஓமலூர் வாசகர்

ப: முதல் ஃபீல்டு சரி, அடுத்தது தப்பு என்றாலே பேக்கிங்தான், அதாவது ஃபீல்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளிக் கணக்கு. சி ஷார்ப் வழக்கப்படி 4 பைட் எண் நான்கின் மடங்கில் தொடங்க வேண்டும். ஆகவே நிலைக்குப் பின்னால் 3 பைட் வெற்றிடம் விழும், மொத்தம் 16. டிஎல்எல்லின் ஹெடரில் ப்ராக்மா பேக் 1 என்று இருந்தால் அங்கே இடைவெளியே கிடையாது, மொத்தம் 13. ஸ்ட்ரக்ட்லேஅவுட்டில் சீக்வென்ஷியலோடு 'பேக் = 1' சேர்த்து, மார்ஷல் கிளாஸின் சைஸ்ஆஃப் 13 காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரக்ட் எழுதியதும் செய்ய வேண்டிய முதல் சோதனை அது.

இதே வகையில் இன்னும் சில பொறிகள். சி மொழியின் 'லாங்' விண்டோஸில், 64 பிட்டிலும், 4 பைட். சி ஷார்ப்பின் 'லாங்' 8 பைட். ஆகவே 'இன்ட்' போடுங்கள். சி++ 'பூல்' 1 பைட். சி ஷார்ப் 'பூல்' கேட்காமலே 4 பைட்டாகப் போகும். திரும்பி வரும் மதிப்பில் மேல் 3 பைட்டில் குப்பை இருந்தால் 'ஃபால்ஸ்' கூட 'ட்ரூ' ஆகத் தெரியும். அதற்கு மார்ஷல்ஆஸ் ஐ1 போட வேண்டும். மேனுவலில் விபி6 உதாரணம் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விபி6ன் 'இன்டீஜர்' 2 பைட், 'லாங்' 4 பைட். அதாவது அங்கே லாங் என்றால் இங்கே இன்ட், அங்கே இன்டீஜர் என்றால் இங்கே ஷார்ட். முடிந்தவரை ஹெடர் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எழுதும் ஒவ்வொரு வரியும் ஊகம்தான்.

கே: கருவியின் சீரியல் நம்பரைத் தரும் ஃபங்ஷன் சார் பாயின்டரைத் திருப்புகிறது. ஸ்ட்ரிங் என்று வாங்கினேன். சில சமயம் புரோகிராம் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது.
– சூரமங்கலம் வாசகர்

ப: திரும்பி வருவது ஸ்ட்ரிங் என்று அறிவித்தால், டாட்நெட் அதை நகலெடுத்துவிட்டு மூல மெமரியை கோடாஸ்க்மெம்ஃப்ரீ மூலம் விடுவிக்கும். டிஎல்எல் அந்த மெமரியை வேறு வழியில் எடுத்திருந்தால் ஹீப் (புரோகிராம் கேட்டு வாங்கும் மெமரிப் பகுதி) கெட்டுப்போகும். இன்ட்பிடிஆர் என்று வாங்கி, மார்ஷல் கிளாஸின் பிடிஆர்டுஸ்ட்ரிங்ஆன்ஸி மூலம் படியுங்கள். விடுவிக்க வேண்டுமானால் டிஎல்எல் தரும் ஃப்ரீ ஃபங்ஷனையே கூப்பிடுங்கள்.

கே: மரவள்ளிக் கிழங்கு லாரி எடை மேடை. எடை நிலைத்ததும் டிஎல்எல் எங்கள் கால்பேக்கை (டிஎல்எல் கூப்பிடுவதற்காக நாங்கள் கொடுத்த மெத்தட்) கூப்பிடும். காலையில் நன்றாக ஓடுகிறது. பத்துப் பதினைந்து லாரி போனதும் புரோகிராம் விழுந்துவிடுகிறது. ட்ரை–கேட்ச் போட்டும் பிடிபடவில்லை.
– ஆத்தூர் வாசகர்

ப: கால்பேக்கைப் பதிவு செய்யும் வரியில் மெத்தட் பெயரை நேராகக் கொடுத்திருப்பீர்கள். அந்த இடத்தில் சி ஷார்ப் ஒரு டெலிகேட் (மெத்தட்டைச் சுட்டும் ஆப்ஜெக்ட்) உருவாக்குகிறது. டிஎல்எல் கையில் அதன் முகவரி இருக்கிறது, ஆனால் டாட்நெட் பக்கம் அதைப் பிடித்திருப்பவர் யாருமில்லை. கார்பேஜ் கலெக்டருக்கு (பயன்பாட்டில் இல்லாத மெமரியைத் துப்புரவு செய்யும் டாட்நெட் பகுதி) டிஎல்எல் வைத்திருப்பது தெரியாது; அடுத்த முறை கூட்டும்போது அள்ளிப் போட்டுவிடும். அதன்பின் வரும் லாரிக்கு, இப்போது இல்லாமல் போன முகவரியை டிஎல்எல் கூப்பிடும். காலையில் ஓடுவது, கலெக்டர் அதுவரை வேலை செய்யாததால்.

உறுதி செய்ய, பதிவு செய்த அடுத்த வரியில் ஜிசி.கலெக்ட் போட்டு, ரிலீஸ் பில்டில் ஓட்டுங்கள். முதல் லாரியிலேயே விழுந்தால் இதுதான் காரணம்.

தீர்வு: டெலிகேட்டை ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்து, அந்த ஃபீல்டையே டிஎல்எல்லுக்குக் கொடுங்கள். புரோகிராம் மூடும்முன் டிஎல்எல்லில் பதிவை நீக்குங்கள். டெலிகேட் வகைக்கு மேலே அன்மேனேஜ்டு ஃபங்ஷன் பாயின்டர் அட்ரிபியூட் போட்டு, ஹெடர் சொல்லும் காலிங் கன்வென்ஷனைக் குறியுங்கள். ஏற்கெனவே சொன்ன ஸ்டாக் தகராறு இங்கும் உண்டு.

ட்ரை–கேட்ச் பிடிக்காததில் வியப்பில்லை. டாட்நெட் 4 முதல் ஆக்சஸ் வயலேஷனை (தொடக் கூடாத மெமரியைத் தொட்ட பிழை) சாதாரண கேட்ச் பிடிக்காது. மெமரி கெட்ட பின் புரோகிராமைத் தொடர விட்டால் எடைச் சீட்டில் தப்பு எண் போகலாம் என்பதால் அது சரியான முடிவுதான். ட்ரை–கேட்ச் போட வேண்டிய இடம் கால்பேக் மெத்தட்டின் உள்ளே. உங்கள் எக்ஸெப்ஷன் எதுவும் டிஎல்எல்லுக்குள் போகக் கூடாது.

கால்பேக் வருவது பெரும்பாலும் டிஎல்எல்லின் சொந்த த்ரெட்டில் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை வரிசை). ஃபார்மில் எடையைக் காட்ட பிகின்இன்வோக் பயன்படுத்துங்கள், இன்வோக் வேண்டாம். 'நிறுத்து' பட்டனில் டிஎல்எல்லின் ஸ்டாப் ஃபங்ஷன் தன் த்ரெட் முடியட்டும் என்று காத்திருக்கும். அந்த த்ரெட் இன்வோக்கில் உங்கள் ஸ்க்ரீனுக்காகக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும்.

கே: டிஎல்எல் இம்போர்ட்டை விட்டு, அதே வேலைக்கான புதிய லைப்ரரி இம்போர்ட்டுக்கு மாறலாமா?
– அம்மாபேட்டை வாசகர்

ப: டாட்நெட் 7 அல்லது அதற்குப் பிந்தையதில் புதிதாக எழுதுவதானால் மாறலாம். சி ஷார்ப்புக்கும் டிஎல்எல்லுக்கும் இடையே மதிப்புகளை மாற்றித் தரும் கோட் பில்ட் நேரத்திலேயே உருவாவதால் உள்ளே என்ன நடக்கிறது என்று டீபக்கரில் பார்க்க முடியும். 'எக்ஸ்டர்ன்' போய் 'பார்ஷியல்' வரும், அன்சேஃப் கோட் அனுமதியை இயக்க வேண்டும், ஸ்ட்ரிங்பில்டரை அது ஏற்காது. ஸ்ட்ரிங் எந்த என்கோடிங், பூல் எத்தனை பைட் என்று நீங்கள் எழுதாவிட்டால் பில்டே ஆகாது. ஏற்காடு, ஓமலூர் வாசகர்களின் கோளாறுகள் பாதி அங்கேயே பிடிபட்டிருக்கும். ஃப்ரேம்வொர்க் 4.8ல் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு இது கிடைக்காது. டிஎல்எல் இம்போர்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.